எந்தப் பக்கத்தில் பென்சில் கோடு அதிகம்? பிளஸ் டூ அரசியல் அறிவியலுக்குப் பிறகு

தேர்வு முடிவு வந்த கையோடு என்னைப் பார்க்க வரும் மாணவர்களிடம் மதிப்பெண்ணைக் கேட்க மாட்டேன். "அரசியல் அறிவியல் புத்தகம் இருக்கிறதா? எடுத்து வா" என்பேன். பென்சில் கோடுகளும் மடித்த மூலைகளும் எந்தப் பாடத்தில் அதிகமோ, அங்கிருந்துதான் பேச்சைத் தொடங்குவேன். 14 ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். "வேறு குரூப் கிடைக்காதவர்கள் எடுப்பது" என்ற பேச்சைக் கேட்டு, மாணவியாக இருந்தபோது நானும் அழுதிருக்கிறேன். இன்னொரு பிள்ளை அப்படி அழக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். உங்கள் புத்தகத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடிப்படை உரிமைகள், நீதித்துறை ஆகிய பாடங்களில் கோடுகள் நிறைந்திருந்தால் சட்டம் படிப்பதைப் பற்றி யோசியுங்கள். என் மாணவி ஒருத்தி, தன் அம்மாவின் பெயரில் தகவல் அறியும் உரிமை மனு ஒன்று எழுதிக் கொண்டுவந்தாள். "எங்கள் தெருவில் விளக்கு ஏன் எரியவில்லை?" என்பது கேள்வி. 2005ஆம் ஆண்டுச் சட்டம் அலுவலகத்தின் ஆவணங்களில் உள்ளதைத்தான் கேட்டுப் பெற வழிசெய்கிறது. "ஏன்" என்று கேட்டால் பதில் சொல்லாமல் தப்பிக்க இடமுண்டு. நான்கு முறை அடித்துத் திருத்தினாள். கடைசியில், "எங்கள் தெரு விளக்குகளைப் பழுதுபார்க்க இந்த ஆண்டு பிறப்பித்த பணி ஆணைகளின் நகல்" என்று வந்து நின்றது. 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பினாள். 30 நாள் கெடு முடிவதற்குள் நகல் வந்தது. அந்த நான்காவது திருத்தத்தைப் பார்த்தபோதே இவள் சட்டக் கல்லூரிக்குப் போக வேண்டியவள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இப்போது அங்கேதான் படிக்கிறாள்.

தமிழ்நாட்டின் அரசு சட்டக் கல்லூரிகளில் 5 ஆண்டுப் படிப்புக்கு நுழைவுத்தேர்வு கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும். திருச்சியில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் சேர வேண்டுமானால் கிளாட் (CLAT) என்ற நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கும் தேர்வு அது. 2 மணி நேரம், 120 கேள்விகள், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போய்விடும். அண்மை ஆண்டுகளில் டிசம்பரிலேயே நடத்திவிடுகிறார்கள். ஆகவே பிளஸ் டூ முடிவு வந்த பிறகு யோசித்தால் ஓராண்டு வீண். பிளஸ் ஒன் விடுமுறையிலேயே பழைய வினாத்தாள்களை எடுத்துவிடுங்கள்.

குடிமைப் பணி என்று சொல்லி வருபவர்கள்தான் அதிகம். ஐஏஎஸ் தேர்வுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். அரசியல் அறிவியலில்தான் பட்டம் வாங்க வேண்டும் என்பதில்லை. ஆனால் படித்தவர்களுக்கு அது வீணாவதும் இல்லை. முதன்மைத் தேர்வில் பொது அறிவு இரண்டாம் தாளே அரசமைப்பு, ஆட்சி நிர்வாகம், பன்னாட்டு உறவுகள் பற்றியது. விருப்பப் பாடமாக அரசியல் அறிவியலையும் பன்னாட்டு உறவுகளையும் எடுத்தால் இன்னும் 500 மதிப்பெண். முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம். முதல்நிலைத் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். இதைத் தெரிந்துகொள்ளாமல் மூன்று ஆண்டுகளைக் கழித்துவிட்டு வந்து கலங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். தினமும் ஓர் ஆங்கிலத் தலையங்கத்தைப் படித்து, அதன் வாதத்தைத் தமிழில் ஐந்து வரியில் எழுதுங்கள். இரண்டு மொழியும் சேர்ந்து வளரும்.

டிஎன்பிஎஸ்சி தேர்வுகளில் இந்திய ஆட்சியியல் என்ற பகுதிக்கு உங்கள் பள்ளிப் புத்தகமே முதல் பாடநூல். பழைய புத்தகக் கடையில் போட்டுவிடாதீர்கள்.

பாடத்தை ஆழமாகப் படிக்கவே ஆசையா? சென்னை மாநிலக் கல்லூரி, சென்னை கிறித்தவக் கல்லூரி போன்றவற்றில் இளங்கலை இருக்கிறது. எல்லாக் கல்லூரிகளிலும் இந்தத் துறை இருப்பதில்லை என்பதால் விண்ணப்பிக்கும் முன் பட்டியலைப் பாருங்கள். டெல்லி, ஹைதராபாத் போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் (CUET) என்ற பொது நுழைவுத்தேர்வு எழுத வேண்டும்; வினாத்தாள் தமிழிலும் கிடைக்கும். முதுகலையோடு பி.எட். முடித்தால் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர், முதுகலையோடு நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வில் தேறினால் கல்லூரி ஆசிரியர்.

தேர்தல், கட்சிகள் பற்றிய பக்கங்களை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு இதழியலும் ஆய்வும் பொருந்தும். தேர்தல் காலத்தில் வாக்காளர்களின் கருத்தை ஆராயும் லோக்நீதி போன்ற ஆய்வுத் திட்டங்களுக்காக வீடு வீடாகச் சென்று கருத்துக்கணிப்புப் படிவம் நிரப்பும் களப்பணியில் கல்லூரி மாணவர்களும் ஈடுபடுகிறார்கள். வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். பட்டம் முடித்தவர்களுக்கு லாம்ப் என்ற திட்டம் உண்டு. 25 வயதுக்கு உட்பட்டவர்கள் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் உதவியாளராக அமர்ந்து கேள்விகளையும் விவாதக் குறிப்புகளையும் தயாரிக்கலாம். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல ஆளில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

இத்தனையும் கேட்ட பிறகு, "சம்பளம் எப்போது வரும் டீச்சர்?" என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. டிஎன்பிஎஸ்சியின் குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும், 18 வயது நிறைந்திருக்க வேண்டும். கல்லூரியில் சேர்ந்த ஆண்டே எழுதலாம். முதல் முறை தேறாவிட்டாலும் அந்த வினாத்தாளை என்னிடம் கொண்டு வாருங்கள். ஆட்சியியல் கேள்விகள் ஒவ்வொன்றையும் சேர்ந்து பார்ப்போம்.