சோளகம் வீசினால் கப்பல் வராது

1619இல் போர்த்துக்கேயர் சங்கிலியனைப் பிடித்து யாழ்ப்பாண அரசை முடித்தார்கள். அவன் பிடிபடாமல் இருந்திருந்தால்? இதை வைத்து ஒரு பலகை விளையாட்டு செய்தேன். நல்லூர் (சங்கிலியனின் தலைநகர்), கண்டி, தஞ்சாவூர் நாயக்கர், பறங்கியர் (போர்த்துக்கேயர்) என்று நான்கு தரப்பு. காசுக்குப் புளியங்கொட்டை.

எங்கள் வீட்டு விறாந்தையில் ஆறு தடவை ஆடினோம். ஆறிலும் பறங்கியர்தான். கடைசி ஆட்டத்தில் நல்லூரை எடுத்த மச்சான், கொட்டைகளைப் பலகையிலேயே கொட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டான்.

முதலில் பறங்கியர் படையைக் குறைத்தேன். பிழை. பீரங்கி இல்லாத பறங்கியரை யார் எடுப்பார்கள்? ஆட்டம் சப்பென்று போனது. எழுதி வைத்த கணக்கைத் திரும்பப் பார்த்தபோதுதான் விளங்கியது: பறங்கியரின் தலைமையிடமான கோவாவிலிருந்து சுற்றுக்குச் சுற்று புதுப் படை வந்து இறங்கிக்கொண்டே இருந்தது. உண்மையில் சோளகம் என்கிற தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கோவாத் துறைமுகமே மூடிக் கிடக்கும். சரி என்று ஆண்டை நான்கு சுற்றாகப் பிரித்து, சோளகம் வீசும் சுற்றில் கப்பல் வராது என்று விதி எழுதினேன். அந்தச் சுற்றுக்காக மற்ற மூவரும் காத்திருக்கத் தொடங்கினார்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாசலான ஆனையிறவு கையில் இருந்தால் நல்லூருக்கு யானை விற்ற வருமானம். ஐந்து கொட்டை கொடுத்தேன், அப்புறம் நல்லூரை அசைக்கவே முடியவில்லை. மூன்றாக்கினேன்.

பிறகு ஆடிய எட்டில் பறங்கியர் மூன்று, நல்லூர் இரண்டு, கண்டி இரண்டு, தஞ்சாவூர் ஒன்று. தஞ்சாவூர் இன்னும் நோஞ்சான்தான். மச்சான் இப்போது பறங்கியரைக் கேட்டு அடம்பிடிக்கிறான்.