பழைய பிக்கப்பைக் காலேஜ் வண்டியாக்குவது எப்படி?

டாடா 207-ஓ பொலிரோ பிக்கப்போ ஒன்று சும்மா நிற்கும் கொட்டகைகள் டெல்டாவில் நிறைய உண்டு. உர மூட்டை, நெல் மூட்டை ஏற்றிய காலம் போய் ஓரங்கட்டப்பட்ட வண்டிகள். வீட்டுப் பிள்ளை தினமும் தஞ்சாவூருக்கோ கும்பகோணத்துக்கோ காலேஜ் போக வேண்டும் என்றால் அதையே தயார் செய்து கொடுக்கலாம். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: இது பாரம் சுமக்கக் கட்டிய வண்டி. காலித் தட்டோடு ஒற்றை ஆள் ஓட்டும்போதுதான் இது முரண்டு பிடிக்கும். அதனால் பணம் முதலில் அடிப்பகுதிக்கும் பிரேக்குக்கும் போகட்டும். சீட் கவர், பாட்டு செட் எல்லாம் மிச்சம் இருந்தால் பார்க்கலாம்.

1. பேப்பர்

18 வயது முடியாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். 16 வயதில் கிடைப்பது கியர் இல்லாத 50 சிசி வண்டிக்கான லைசென்ஸ் மட்டுமே. மைனர் ஓட்டிப் பிடிபட்டால், மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவும் 12 மாதம் ரத்தாகும்.

மஞ்சள் போர்டுக்குத் தனி லைசென்ஸ் வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். 7,500 கிலோவுக்குட்பட்ட சரக்கு வண்டியை எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்த்துவிட்டது. எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று), இன்சூரன்ஸ், டாக்ஸ் நடப்பில் இருக்கிறதா பாருங்கள். எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு எஃப்.சி. வருடா வருடம்.

2. துரு

வண்டி இதுவரை என்ன லோடு ஓடியது என்று விசாரியுங்கள். நாகப்பட்டினம் பக்கம் மீன் லோடு ஓடியது என்றால் கொஞ்சம் யோசியுங்கள். ஐஸ் உருகி வழிந்த உப்புத்தண்ணீர் தட்டின் இடுக்கு வழியாகச் சேஸ் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) மேல்தான் இறங்கியிருக்கும். மேலே பெயின்ட் பளபளப்பாக இருக்கும், கீழே பொருபொருவென்று இருக்கும்.

வாட்டர் சர்வீஸ் செய்து சேறெல்லாம் போன பிறகு, ஒரு சின்னச் சுத்தியலோடு அடியில் படுங்கள். சேஸ் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'டங்' என்று கேட்கும். மக்கிய இடம் 'தொப்' என்று அமுங்கும், செதில் செதிலாக உதிரும். பின் ஸ்பிரிங் பட்டை சேஸோடு சேரும் பிராக்கெட்டுகளை விட்டுவிடாதீர்கள், வயல் சேறு அங்கேதான் தங்கும். கேபினுக்குள் கால்மிதியையும் தூக்கிப் பாருங்கள். தரைத் தகடு ஓட்டை என்றால் பட்டறையில் ஒட்டுப் போட்டுவிடலாம். சேஸே மக்கியிருந்தால் அந்த வண்டிக்கு மேற்கொண்டு ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள்.

3. பிரேக்

இன்ஜினை அணைத்துவிட்டுப் பெடலை நாலைந்து முறை மிதியுங்கள். பிறகு மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால், மிதிக்கும் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டர் வேலை செய்கிறது. அப்படியே அழுத்திப் பிடித்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்ல அமுங்கிக்கொண்டே போனால், பிரேக் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரிலோ லைனிலோ கசிவு. பின் டிரம்மைக் கழற்றி வீல் சிலிண்டர் ஈரமாக இருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், அதனால் எப்படி இருந்தாலும் பழையதை முழுக்க மாற்றிவிடுங்கள்.

4. பின் ஸ்பிரிங் பட்டை

காலி வண்டி பள்ளத்தில் குதிக்கும். பட்டறையில் உடனே, "அண்ணே, ரெண்டு பட்டையை உருவிட்டா கார் மாதிரி ஓடும்" என்பார்கள். சம்மதிக்காதீர்கள்.

சில பிக்கப்புகளில் பின் ஆக்சிலுக்கும் சேஸுக்கும் நடுவே ஒரு கம்பியோடு சின்ன வால்வு இருக்கும். சேஸ் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்து, பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தை அதுதான் கூட்டிக் குறைக்கிறது. பட்டையை உருவினால் சேஸ் தாழும். வண்டியில் பாரம் இருப்பதாக வால்வு எடுத்துக்கொண்டு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிவிடும். பின்னால் எடையே இல்லாததால் சக்கரம் லாக் ஆகி வால் வீசும். அறுவடை நேரத்தில் தார் ரோட்டில் வைக்கோலும் நெல்லும் காயும் ஊர் நம்முடையது, புதிதாக ஓட்டுகிறவருக்கு இந்த விஷப்பரீட்சை வேண்டாம்.

பட்டையைத் தொடாமலே குதிப்பு குறையும். உடைந்த பட்டை இருந்தால் மாற்றுங்கள், புஷ்ஷும் ஷாக் அப்சார்பரும் புதிதாகப் போடுங்கள், பின் டயரில் கம்பெனி சொன்ன காலி வண்டிக் காற்றை மட்டும் வையுங்கள். லோடு காலத்துக் காற்றை அப்படியே விட்டிருப்பதுதான் பாதிக் குதிப்புக்குக் காரணம்.

5. மற்றவை

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் தயாரானது. பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடு) நன்றாக இருந்தாலும் வெடிப்பு விட்ட டயர் வேண்டாம். ஸ்டீயரிங் ஆட்டம், டை ராடு எண்டு (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை), கிளட்ச், பேட்டரி எல்லாம் வழக்கமான வேலை. ரேடியேட்டர் இடுக்கில் வைக்கோல் தூசு அடைத்திருக்கும், தண்ணீர் விட்டுச் சுத்தம் செய்யுங்கள். சீட் பெல்ட் இழுத்தால் பூட்டிக்கொள்ள வேண்டும், நைந்திருந்தால் புதிது. எதிரே வருபவர் கண்ணைப் பறிக்கும் எல்.இ.டி. வேண்டாம், ஹெட்லைட் கண்ணாடியைப் பாலிஷ் போட்டாலே போதும்.

6. கையில் கொடுக்கும் முன்

பின் தட்டில் நண்பர்களை ஏற்றக் கூடாது, அங்கே சீட் வெல்டிங்கும் கூடாது. ஆர்.சி.யில் உள்ள சீட் எண்ணிக்கைதான் கணக்கு.

அறுவடை முடிந்த காலித் திடலில் பக்கத்தில் உட்கார்ந்து, 20, 30, 40 வேகத்தில் திடீர் பிரேக் போடச் சொல்லுங்கள். வால் எந்தப் பக்கம் போகிறது என்று பிள்ளையே உணரட்டும். பிறகு ஆற்றங்கரை ரோட்டு ஏற்றத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் வைத்து, பின்னால் உருளாமல் எடுக்கப் பழக்குங்கள். அது கை வந்த பிறகு பஸ் வரும் நேரத்தில் மெயின் ரோடு.