நாலு வருத்தங்களோடு 39 கிலோ குறைத்த விதம்

2022 மாசியில் ஒருநாள், திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு முன்னறையில், தையல் மெசினுக்குப் பக்கத்தில் நின்று என் வயிற்றை நானே அளந்தேன். 26 வருடமாக ஊர்ப் பெண்களுக்குச் சட்டை தைக்கிறேன். எல்லாருடைய அளவும் என் கொப்பியில் இருக்கும், என்னுடையது மட்டும் இருக்காது. 60 அங்குல டேப்பைச் சுற்றிப் பிடித்தபோது கையில் மிஞ்சியது ஒன்பது அங்குலம்தான். நிறை 117 கிலோ. வயது 49. பதினொரு வருடமாகச் சீனி வருத்தம், அதற்குப் பின்னால் பிரஷர், தைரொயிட், இரண்டு முழங்காலிலும் தேய்மானம். இன்று 78 கிலோ. இதற்கு மூன்று வருடம் பிடித்தது: முதல் வருடம் 19, அடுத்தது 13, கடைசியில் 7.

வருத்தம் இல்லாதவர்கள் நாளைக்கே சோற்றைக் குறைத்துவிடலாம். எங்களைப் போன்றவர்களுக்கு முதல் வேலை கிளினிக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு போவதுதான். இதை நான் பிழைவிட்டுத்தான் படித்தேன்.

தொடங்கிய ஐந்தாம் நாள். காலையில் வழக்கம்போல சீனி வருத்தத்துக்கான கிளிக்ளசைட் குளிசையைப் போட்டேன். சாப்பாடு அரைக் கோப்பை கஞ்சி மட்டும். பதினொரு மணியளவில் ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டைக்குக் கழுத்துப் பட்டி வைத்துக்கொண்டிருந்தேன். ஊசிக்கண் இரண்டாகத் தெரிந்தது. கை நடுங்கியது. முதுகெல்லாம் குளிர்ந்த வேர்வை. பசியென்று நினைத்து ‘இதை முடித்துவிட்டுச் சாப்பிடலாம்’ என்று இருந்தேன். மகள் வந்து பார்த்து, விரலில் குத்தி அளந்தபோது சீனி 58. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கத் தந்தாள். கால் மணித்தியாலம் கழித்துத் திரும்ப அளந்தபோது 84. அப்புறம்தான் ஒரு துண்டு பாண் சாப்பிட்டேன்.

கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட், இன்சுலின் எல்லாம் நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சீனியை இறக்கும். சாப்பாடு குறைந்து மருந்து அப்படியே இருந்தால் 70க்குக் கீழே போய்விடும். மெட்போமினை மட்டும் எடுக்கிறவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. ஆகவே டொக்டரிடம் வாய் திறந்து கேளுங்கள்: “நான் சாப்பாட்டைக் குறைக்கப் போகிறேன், எந்தக் குளிசையை எவ்வளவு குறைக்க வேணும்?” கிளினிக்கில் கூட்டம் நெரியும், பின்னால் ஆட்கள் நிற்பார்கள், கூச்சமாக இருக்கும். ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போய்க் கொடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். குளிசையைப் பாதியாக்கினார்கள், பிறகு நிறுத்தினார்கள். பிரஷருக்கும் இதுவே கதை. 100 கிலோவுக்குக் கீழே வந்த பிறகு, கதிரையை விட்டு எழும்பினால் தலை சுற்றியது. பிரஷர் இறங்கியிருந்தது. இரண்டு குளிசை ஒன்றானது. நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

தைரொயிட் குளிசையை நான் பல வருடம் பால் தேத்தண்ணீரோடு விழுங்கினேன். அது வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு போக வேண்டியது. தேத்தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் முன் அரை மணி முதல் ஒரு மணித்தியாலம் விட வேண்டும். கல்சியம், இரும்புச்சத்துக் குளிசைகளுக்கு நாலு மணித்தியால இடைவெளி வேண்டும். இதைத் திருத்தி எட்டுக் கிழமையில் இரத்தம் சோதித்தபோது அளவு சரியாக வந்தது. அதனால் நிறை பெரிதாகக் குறைந்துவிடவில்லை. தைரொயிட் சரியானால் சில கிலோதான் போகும், அதிலும் அதிகம் உடம்பில் தேங்கிய நீர். ஆனால் மத்தியானத்தில் படுக்கையைத் தேடும் அந்த அசதி விட்டது. அசதி விட்டால்தான் நடக்க மனம் வரும்.

சரி, வாய்க்கு வருவோம். எனக்கு நாளைக்கு நாலு தேத்தண்ணீர், ஒவ்வொன்றிலும் மூன்று தேக்கரண்டி சீனி. கணக்குப் பார்த்தால் 60 கிராம், 240 கலோரி. பசியை ஆற்றாத கலோரி. கிழமைக்கு அரைக் கரண்டியாகக் குறைத்தேன். ஆறு கிழமையில் நாக்கு பழகிவிட்டது. அந்த வருடம் பால்மாவுக்கு வரிசையில் நின்ற காலம், அதனால் பிளேன்டீக்கு மாறுவது அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை. பனங்கட்டி, கருப்பட்டி என்றால் சீனி ஏறாது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அதுவும் சீனிதான். சோடாப் போத்தலில் சிவப்பு வட்டம் இருந்தால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்று அர்த்தம். அதை வீட்டுக்குள்ளேயே எடுக்க வேண்டாம்.

சோற்றை நான் விடவில்லை. விடச் சொல்லவும் மாட்டேன், விட்டவர்கள் மூன்றாம் மாதம் இரட்டிப்பாகச் சாப்பிட்டதைக் கண்டிருக்கிறேன். மூன்று அகப்பை ஒன்றானது, அவ்வளவுதான். சாப்பாட்டுத் தட்டில் முதலில் பாதியை மரக்கறியால் நிரப்புங்கள்: முருங்கையிலை வறை, பொன்னாங்கண்ணி, வல்லாரைச் சம்பல், வெண்டிக்காய், புடலங்காய். கால்வாசி மீன் அல்லது பருப்பு. மிச்சக் கால்வாசிக்குத்தான் சோறு. திருகோணமலையில் இருந்துகொண்டு மீனுக்கு அலைய வேண்டியதில்லை. சூரையோ சாளையோ விலை குறைந்த நாளில் வாங்கிப் புளியாணமாக வையுங்கள். பொரியல் கிழமைக்கு ஒருநாள் போதும், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. மீனைக் குறைக்காதீர்கள். நிறை இறங்கும்போது தசையும் சேர்ந்து கரையும், அதைப் பிடித்து வைப்பதற்குப் புரதம் வேண்டும். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் மட்டும் புரதத்தின் அளவை டொக்டரிடம் கேட்க வேண்டும்.

தேங்காய் இல்லாமல் எங்களுக்குச் சமையல் இல்லை. முதற்பாலை விட்டுவிட்டு இரண்டாம் பாலிலேயே சொதி வைக்கிறேன். கொஞ்சம் வெந்தயமும் கறிவேப்பிலையும் கூடுதலாகப் போட்டால் வீட்டில் யாரும் குறை சொல்வதில்லை. கருவாட்டை மாதத்துக்கு ஒருமுறை ஆக்கினேன், பிரஷருக்கு அந்த உப்பு ஆகாது.

இனி முழங்கால். “நட, நட” என்று எல்லாரும் சொல்வார்கள். 117 கிலோவோடு நடந்தால் இரவில் கால் வீங்கும், அடுத்த நாள் மெசின் மிதிக்க முடியாது. எனக்குக் கைகொடுத்தது கடல். நெஞ்சளவு தண்ணீரில் நின்றால் உடம்பின் பாரத்தில் ஏறக்குறைய கால்வாசிதான் காலில் விழும். வைகாசி தொடங்கி ஆவணி வரை எங்கள் கரை குளம்போலக் கிடக்கும். காலை ஆறு மணிக்கு நானும் மகளும் இறங்குவோம். பழைய சட்டையும் நீளக் காற்சட்டையும். கரைக்குச் சமாந்தரமாக முன்னுக்கும் பின்னுக்கும் நடை. முதல் கிழமை பத்து நிமிடம், மூன்றாம் மாதம் நாற்பது. முதல் நாள் தண்ணீருக்குள் காலைத் தூக்கி வைத்தபோது நோகவில்லை. பல வருடத்துக்குப் பிறகு நோகாத ஒரு அடி. அங்கேயே நின்று அழுதேன், மகள் பயந்துவிட்டாள்.

இதற்குச் சில ஒழுங்குகள் உண்டு. தனியாக இறங்காதீர்கள். இறங்குமுன் சீனியை அளந்து பாருங்கள், கரையில் வைக்கும் பையில் சீனியும் தண்ணீரும் இருக்கட்டும். வெறுங்காலோடு போகவே வேண்டாம். சீனி வருத்தக்காரரின் பாதத்தில் சிப்பி கிழித்தாலும் தெரியாது. பட்டி வைத்த ரப்பர்ச் செருப்பு போடுங்கள், வீட்டுக்கு வந்து விரலிடுக்கு வரை துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள்.

ஒரு கிலோ குறைந்தால் நடக்கிற ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு நாலு கிலோ பாரம் குறையும். பத்துக் கிலோ போனதும் தரையிலும் நடக்கத் தொடங்கினேன். முன்பு கோட்டை வாசலிலிருந்து ஓட்டோவில்தான் கோணேசர் கோயிலுக்குப் போவேன். 2023 ஆடியில், மான்கள் நிற்கிற அந்த ஏற்றத்தில் இரண்டு இடத்தில் இளைப்பாறி மேலே ஏறிவிட்டேன்.

98 கிலோவில் நாலு மாதம் தராசு அசையவில்லை. அது நடக்கும். உடம்பு சிறுத்தால் அதன் செலவும் சிறுக்கும், பழைய அளவுச் சாப்பாடு அப்போது சரிக்குச் சரியாகிவிடும். பட்டினி கிடக்காதீர்கள், வேகமாக மெலிந்தால் பித்தப்பையில் கல்லும் வரலாம். கிழமைக்கு அரைக் கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ போதும். அந்த மாதங்களில் தராசைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு டேப்பை எடுத்தேன். வயிறு ஒன்றரை அங்குலம் இறங்கியிருந்தது. ஒரே நீலச் சட்டையை வைத்துக்கொண்டு மாதக் கடைசியில் இரண்டு பக்கமும் உள்ளே பிடித்துத் தைப்பேன். இன்றைக்கு அதன் உட்புறத்தில் ஒன்பது தையல் வரி இருக்கிறது. வயிறு 37 அங்குலம். எங்கள் பெண்களுக்குச் சொல்கிற 80 சென்ரிமீற்றருக்கு, அதாவது முப்பத்தொன்றரைக்கு, இன்னும் தூரம் இருக்கிறது.

ஐப்பசியில் வாடை தொடங்கினால் கடல் நம்முடையது இல்லை. அப்போது கதிரைப் பயிற்சி. கைபிடி இல்லாத, அசையாத கதிரையைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு எழும்பி, மெதுவாகத் திரும்ப உட்காருங்கள். நான் மூன்றில் தொடங்கினேன், அதுவும் மேசையைப் பிடித்துக்கொண்டு. இப்போது ஒரு சட்டை தைத்து முடிந்தால் பத்து. அடுத்த துணியை வெட்டுமுன் இன்னொரு பத்து.