தயிர்ச் சட்டிக்கு ஒரு உறி கட்டுவமா?

தயிர் வாங்கி வாங்கி வெறும் சட்டி மட்டும் எங்கட அடுப்படிக்குப் பின்னால பத்துப் பன்ரெண்டு சேர்ந்து போச்சு. மட்டக்களப்பில எந்த வீட்டுக்குப் போனாலும் இதே கததான், எறியவும் மனமில்ல, வச்சிருந்தும் வேலையில்ல. அதில ஒண்ட எடுத்துக் கயித்துல தொங்கவிட்டு வெங்காயமும் உள்ளியும் போட்டு வச்சிருக்கன், வாறவங்க எல்லாம் எங்க வாங்கின எண்டு கேக்காங்க. வாங்கல்ல, கட்டினது.

யூடியூப்ல இப்பிடிக் கயித்துல முடிச்சுப் போட்டுக் கட்டுறதுக்குப் பேர் மக்ரமே. அரபுச் சொல்லுல இருந்து வந்த பேராம், கப்பல்காரங்களும் மாசக்கணக்கா கடல்ல கிடக்கக்குள்ள பொழுது போக இப்பிடித்தான் முடிச்சுப் போட்டுட்டு இருந்திருக்காங்க. அம்மம்மாக்கு வீடியோவக் காட்டினன், "இது உறிதானே, பூனைக்குப் பயந்து நாங்க தயிர் தொங்கவிட்டது" எண்டுட்டு அவ தன்ட வேலையப் பாக்கப் போயிட்டா.

முதல்ல கயிறு. 4 மில்லிமீற்றர் தடிப்பில பருத்திக் கயிறு 25 மீற்றர் வாங்குங்க. வலைச் சாமான் விக்கிற கடையில நைலோன்தான் லேசா கிடைக்கும், ஆனா முதல்தரம் கட்டுறவங்க அதத் தொடாதீங்க, வழுக்கும், நீங்க இறுக்கின முடிச்சு அடுத்தத போடுறதுக்குள்ள நெகிழ்ந்து போகும். கை பழகின பிறகு நைலோனுக்குப் போகலாம். அதிட நுனிய லைட்டரால உருக்கி விட்டா பிரியாது, ஆனா உருகினத விரலால அமத்தக் கூடாது, தோல்ல ஒட்டிரும், எனக்குப் பெருவிரல்ல இன்னும் அடையாளம் கிடக்கு. பருத்தி உருகாது, எரியும், அதுக்கு நுனியில டேப் சுத்தினாக் காணும்.

வளையம் ஒண்டு வேணும், துருப்பிடிக்காத ஸ்டீலா பாத்து எடுங்க. எங்கட வீடு கல்லடியில, கடல்காத்து நேரா அடிக்கும், முதல் போட்ட இரும்பு வளையத்துல துரு இறங்கி வெள்ளைக் கயிறெல்லாம் மஞ்சளாப் போச்சு.

இப்ப வெட்டுவம். 14 அடியில மூண்டு, 8 அடியில மூண்டு, 4 அடியில ரெண்டு. என்னத்துக்கு நீளம் வித்தியாசம் எண்டா, முடிச்சுப் போடுற கயிறு சுத்திச் சுத்திப் போறதால கட்டி முடிக்கிற நீளத்தப் போல நாலஞ்சு மடங்கு தின்னும், நடுவுல சும்மா நிக்கிற கயித்துக்கு அந்த நீளம் தேவையில்ல. இது தெரியாம எல்லாத்தையும் ஒரே அளவா வெட்டிப்போட்டு பாதி வழியில கயிறு முடிஞ்சு நிண்டவன்தான் நான்.

நெட்டக் கயிறு மூண்டையும் கட்டக் கயிறு மூண்டையும் வளையத்துக்குள்ளால விட்டுச் சரி நடுவால மடிச்சா பன்ரெண்டு நுனி தொங்கும். வளையத்துக்குக் கீழ சேர்த்து ஒரு சுத்துக்கட்டு போடோணும். 4 அடித் துண்ட எடுத்து, ஒரு முனைய மேல விட்டு, கீழ யூ மாதிரி மடிச்சுக் கட்டோட வச்சுப் பிடிங்க. நெட்ட முனையால மேல இருந்து கீழ ஆறு சுத்து நெருக்கமாச் சுத்தி, அந்த முனைய கீழ தெரியிற வளைவுக்குள்ளால விட்டு, மேல நிக்கிற முனையப் பிடிச்சு இழுங்க. வளைவு சுத்துக்குள்ள போய் ஒளிச்சிரும், பாதியில நிப்பாட்டி ரெண்டு முனையையும் வெட்டுங்க. மருதமுனையில தறி வச்சிருக்கிற கூட்டாளி ஒராள் சிவப்பு நூல் மிச்சம் தந்தார், நான் இந்தக் கட்டுக்கு மேல அதையும் சுத்தினன், வடிவா இருக்கு.

இனித்தான் விஷயம். பன்ரெண்ட மூண்டு கூட்டமாப் பிரிங்க, ஒவ்வொண்டிலயும் ரெண்டு கட்ட நடுவுல, ரெண்டு நெட்ட ரெண்டு பக்கமும். வளையத்த ஜன்னல் கம்பியில கொளுவிட்டு, நாலு விரல் இடம் விட்டுத் தொடங்குங்க. இடப்பக்கக் கயித்த நடு ரெண்டுக்கும் மேலால வலப்பக்கம் கொண்டு போய் வலக் கயித்துக்குக் கீழ விடுங்க. வலக் கயித்த நடு ரெண்டுக்கும் பின்னால கொண்டு வந்து இடப்பக்கம் இருக்கிற ஓட்டைக்குள்ளால முன்னுக்கு எடுத்து இழுங்க. இது பாதி முடிச்சு. மற்றப் பாதிக்கு இதையே வலப்பக்கத்துல இருந்து திருப்பிச் செய்யோணும், அப்பத்தான் சதுர முடிச்சு.

இந்த இடத்துலதான் எல்லாரும் குழம்புற, எந்தப் பக்கம் விட்டன் எண்டு போன் பாத்துட்டு வந்தா மறந்து போகும். அதுக்கு ஒரு வழி இருக்கு, முதல் முன்னால போன கயித்திட நுனியில மார்க்கரால ஒரு புள்ளி வைங்க. அது எந்தப் பக்கம் நிண்டாலும் எப்பவும் அதுதான் முன்னால போற கயிறு. நான் முதல்தரம் இது தெரியாம ஒவ்வொரு தரமும் இடப்பக்கத்துல இருந்தே தொடங்கினன், கட்டு தானாக் கிறுகிக் கிறுகி சங்கிலி மாதிரி சுருண்டு போச்சு. பிழைதான், ஆனா பாக்க அதுதான் வடிவு, இப்ப வேணுமெண்டே ஒரு கூட்டத்த அப்பிடிக் கட்டுறன்.

ஒவ்வொரு கூட்டமும் பத்து இஞ்சி (அங்குலம்) வரும் வரைக்கும் கட்டுங்க, ஏறத்தாழ 20 முடிச்சு போகும். எண்ணிக்கைய விட மூண்டும் ஒரே மட்டத்துல முடியிறதுதான் முக்கியம், இல்லாட்டி சட்டி சரிஞ்சு நிக்கும்.

மறுகா அஞ்சு இஞ்சி இடம் விட்டு, ஒரு கூட்டத்துல ரெண்டு கயிறும் பக்கத்துக் கூட்டத்துல ரெண்டு கயிறும் சேர்த்து ஒரு சதுர முடிச்சு. இப்பிடி மூண்டு முடிச்சு போட்டா வட்டமா வலை மாதிரி வரும். அதுக்குக் கீழ நாலு இஞ்சி விட்டு பன்ரெண்டையும் சேர்த்து மற்ற 4 அடித் துண்டால சுத்துக்கட்டு. இறுக்க முதல் சட்டிய ஒருக்கா உள்ள வச்சுப் பாருங்க, அடி கீழ இறங்கினா கட்ட மேல ஏத்தோணும்.

கீழ தொங்குற வால உடன வெட்டாதீங்க. ரெண்டு கிலோ வெங்காயத்தப் போட்டு ரெண்டு நாள் தொங்கட்டும், கயிறு கொஞ்சம் இழுபடும், முடிச்சும் இறுகும். அதுக்குப் பிறகும் சட்டி நேரா நிண்டா கத்திரிக்கோல எடுங்க.