வாரம் ஒரு பக்கம்: எடுத்த முடிவில் நிற்க ஒரு நோட்டு, ஒரு ஆள்

விடிகாலையில் எழுந்து நடக்கணும், ராத்திரி பரோட்டாவைக் குறைக்கணும், டி.என்.பி.எஸ்.சி.க்கு ஒழுங்காகப் படிக்கணும், ஆபீஸில் திக்காமல் இங்கிலீஷ் பேசணும். ஆசைக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. "என்னப்பா, நேத்து செஞ்சியா?" என்று கேட்கத்தான் ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்டார், வேலையில் முதலாளி கேட்கிறார். நம் சொந்தக் காரியத்தைக் கேட்பதற்கு யாரையும் நாம் ஏற்பாடு செய்து வைப்பதில்லை. அந்த ஏற்பாட்டை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு நோட்டு, ஒரு பேனா, நம்பிக்கையான ஒரு ஆள். வேறு செலவு கிடையாது.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். முடிவெடுத்த உடனே சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் அறிவித்துவிட்டால் வெட்கத்துக்காவது செய்வோம் என்று பலர் நினைக்கிறார்கள். அது எதிராகவும் வேலை செய்யும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியல் அறிஞரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், 'நான் இப்படிப்பட்ட ஆளாக ஆகப் போகிறேன்' என்ற நோக்கத்தை மற்றவர்கள் தெரிந்துகொண்ட பிறகு, அதற்காக உழைப்பது குறைந்தது. பாராட்டு முன்கூட்டியே கிடைத்துவிடுகிறது, அவ்வளவுதான். ஆனால் 2016-ல் 138 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது வேறொன்றும் தெரிந்தது. முன்னேற்றத்தை அவ்வப்போது கவனித்தவர்கள் இலக்கை அடைவது கூடியது. அதைக் குறித்து வைத்தபோதும் பிறருக்குத் தெரியப்படுத்தியபோதும் பலன் இன்னும் கூடியது. ஆக, செய்யப் போவதைச் சொல்லிக்கொண்டு திரிய வேண்டாம். செய்ததைக் காட்டுங்கள். இந்த முறை முழுக்க அந்த ஒரு வித்தியாசத்தில்தான் நிற்கிறது.

முதலில்: ஆசையை வேலையாக மாற்றி எழுதுங்கள்

'8 கிலோ குறையணும்' என்பது பலன். அது உங்கள் கையில் இல்லை. 'வாரம் 5 நாள், காலை 5.45-க்கு, வண்டியூர் தெப்பக்குளத்தை 2 சுற்று' என்பது வேலை. ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட வரும். செய்தோமா இல்லையா என்று சண்டைக்கே இடமில்லாத அளவுக்கு அது தெளிவாக இருக்க வேண்டும். 'நல்லாப் படிக்கணும்' என்று எழுதாதீர்கள். 'கடை அடைத்து வீட்டுக்கு வந்து, கை கால் கழுவியதும், சாப்பாட்டுக்கு முன்னால் 25 கேள்வி' என்று எழுதுங்கள். எதற்குப் பிறகு, எங்கே, எவ்வளவு என்ற மூன்றும் அந்த ஒரு வரிக்குள் வந்துவிட வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு வேலைதான். இதில் நான் பிடிவாதக்காரன். பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் 13 நற்குணங்களைப் பட்டியல் போட்டு, ஒரு சின்ன நோட்டில் குணத்துக்கு ஒரு பக்கம், நாளுக்கு ஒரு கட்டம் என்று கோடு இழுத்து வைத்திருந்தார். தவறிய நாளுக்குக் கறுப்புப் புள்ளி. அவர்கூட வாரத்துக்கு ஒரு குணத்தைத்தான் கண்ணும் கருத்துமாகப் பார்த்தார். நமக்கும் ஒன்று போதும்.

சர்க்கரைக்கும் பி.பி.க்கும் மாத்திரை எடுப்பவர்கள் சாப்பாட்டையோ உடற்பயிற்சியையோ மாற்றுவதாக இருந்தால் முதலில் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நோட்டு

தெருமுனைக் கடையில் கிடைக்கிற கோடு போட்ட நோட்டு போதும். போனில் எழுதலாமே என்பீர்கள். போனைத் திறந்தால் எழுத வந்த வேலை மறந்துபோகும். நோட்டைத் திறந்தால் நோட்டுதான் இருக்கும்.

இடப்பக்கம் ஒரு வாரத்துக்கு, 7 வரி. ஒவ்வொரு வரியிலும் கிழமை, செய்த அளவு, நாலைந்து வார்த்தை. வலப்பக்கத்தைக் காலியாக விடுங்கள், ஞாயிற்றுக்கிழமை தேவைப்படும். தை பிறக்கட்டும், ஆடிப்பெருக்கு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வாங்கியது புதன்கிழமை என்றால் மேலே இரண்டு வரியை அடித்துவிட்டுப் புதனிலிருந்து எழுதுங்கள்.

நிரம்பிய பக்கம் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரி:

திங்கள் – 2 சுற்று. 5.50-க்கு ஆரம்பம்.
செவ்வாய் – 2 சுற்று. தூறல்.
புதன் – இல்லை. முந்தின ராத்திரி 12.30 வரை கல்யாண மண்டபம்.
வியாழன் – 1 சுற்று. எழுந்ததே 6.30.
வெள்ளி – 2 சுற்று.
சனி – இல்லை. காரணம் ஒன்றும் இல்லை.
ஞாயிறு – 3 சுற்று, மாமாவோடு.

மொத்தம் 10 சுற்று. தொகையைப் பார்த்தால் வாரக் கணக்கு நேராகிவிட்டது, ஆனால் 2 சுற்று முழுசாக முடித்தது 4 நாள்தான். வரிகளைப் படித்தால் இன்னொன்றும் தெரியும். புதனும் வியாழனும் இரண்டு தனித்தனிக் குறைகள் அல்ல. மண்டபத்தில் போன ஒரே ராத்திரிதான் இரண்டு காலைகளையும் சாப்பிட்டிருக்கிறது. முகூர்த்த மாதத்தில் இது திரும்பத் திரும்ப வரும். அப்படியானால் சரிசெய்ய வேண்டியது காலை அலாரத்தை அல்ல, மண்டபத்திலிருந்து கிளம்பும் நேரத்தை. சாப்பிட்டு, மொய் எழுதிவிட்டு, 10 மணிக்குள் வண்டியை எடுப்பது என்று வலப்பக்கத்தில் ஒரு வரி எழுதலாம்.

'காரணம் ஒன்றும் இல்லை' என்ற சனிக்கிழமை வரியை எழுத மனசு வராது. எழுதிவிடுங்கள். தலைவலி, மழை என்று எதையாவது ஒட்டவைத்தால் அந்தப் பக்கம் முழுக்கவே பிரயோசனம் இல்லாமல் போய்விடும். யாரும் உங்களைத் தண்டிக்கப் போவதில்லை.

கேட்கிற ஆள்

மெனக்கெட்டுத் தேட வேண்டியது இதைத்தான். நோட்டு மட்டும் இருந்தால் மூன்றாவது வாரத்தில் அது பீரோ மேலே போய்விடும்.

கணவன், மனைவி வேண்டாம் என்பது என் கருத்து. ஒரே வீட்டில் இருப்பவர்கள் கேட்டால் அது கேள்வியாக இருக்காது, குத்தலாகக் காதில் விழும். மேலதிகாரி வேண்டாம். எதைச் சொன்னாலும் 'சூப்பர்' போடுகிற நண்பனும் வேண்டாம். ஒன்றுவிட்ட அக்கா, பழைய வாத்தியார், கூடப் படித்தவர், இப்படி உங்கள் நன்மையில் அக்கறை உள்ள, ஆனால் உங்கள் அன்றாடத்தில் இல்லாத ஒருவர் சரியாக இருப்பார். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடவே போடாதீர்கள்.

அவரிடம் இரண்டே விஷயத்தைப் பேசி வையுங்கள். ஞாயிறு ராத்திரி 8 மணிக்குப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புவேன். நீங்கள் தவறின நாளைப் பற்றி மட்டும் கேட்க வேண்டும், அறிவுரை வேண்டாம். நல்ல ஆளாக அமைந்தால் பேச்சு இப்படித்தான் போகும்:

"அக்கா, இந்த வாரப் பக்கம்."
"பாத்தேன் தம்பி. சனிக்கிழமை என்னாச்சு?"
"ஒண்ணுமில்லக்கா. எந்திரிக்கல."
"சரி. வர்ற சனிக்கு என்ன செய்யப் போற?"
"வெள்ளி ராத்திரியே போனை ஹால்ல சார்ஜ் போட்டுட்டுப் படுத்துர்றேன்க்கா."
"அதையும் எழுதி வச்சுக்க."

இரண்டு நிமிஷம்கூட ஆகாது. ஆனால் வெள்ளிக்கிழமை ராத்திரி போனைக் கையில் எடுக்கும்போது அக்காவின் கேள்வி ஞாபகத்துக்கு வரும். முடிந்தால் நீங்களும் அவருடைய ஒரு வேலைக்குக் கேட்கிற ஆளாக இருங்கள். ஒருவர் மட்டும் எந்நேரமும் கணக்கு ஒப்புவித்துக்கொண்டிருந்தால் கொஞ்ச நாளில் கூச்சம் வந்துவிடும்.

முடிவுத் தேதி

'இனிமேல் வாழ்நாள் முழுக்க' என்று ஆரம்பிக்காதீர்கள். 1921 செப்டம்பர் 22-ந் தேதி, நம்ம மதுரை மேலமாசி வீதியில்தான் காந்தி தன் உடையை மாற்றி அரையாடைக்கு வந்தார். அதைப் பற்றிய அறிக்கையில், குறைந்தது அக்டோபர் 31 வரை இப்படி இருப்பேன் என்று தேதி போட்டே சொன்னார். அந்தத் தேதி போன பிறகும் கடைசிவரை அதையே கடைப்பிடித்தார். அவ்வளவு பெரிய காரியத்துக்கே முதலில் 40 நாள் போலத்தான் கெடு.

நமக்குப் பழகிய கெடு ஒரு மண்டலம், 48 நாள். சபரிமலைக்கு மாலை போட்டவர்களைப் பாருங்கள். விரதம் என்று முடியும் என்று தெரியும், தினமும் செய்ய வேண்டியது என்ன என்று தெரியும், கேட்பதற்குக் குருசாமி இருக்கிறார். வருஷம் முழுக்கக் குளிருக்குப் போர்த்திக்கொண்டு தூங்குகிறவர்கூட அந்த நாட்களில் விடியுமுன் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறார். பக்தி முக்கியமான காரணம்தான். இந்த மூன்று ஏற்பாடும் கூடவே தாங்குகிறது. நோட்டின் முதல் பக்கத்தில் ஆரம்பத் தேதியையும் முடிவுத் தேதியையும் எழுதிவிடுங்கள். 7 வாரம், 7 இடப்பக்கம்.

48 நாளில் பழகிவிடுமா? ஆளையும் வேலையையும் பொறுத்தது. ஃபிலிப்பா லாலி குழுவினர் லண்டனில் 96 பேரை வைத்துப் பார்த்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆனது. கணக்குப்படி சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள்கூட வந்தது. ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் கெட்டுவிடவில்லை என்றும் அதில் தெரிந்தது. ஆகவே, சனிக்கிழமை தவறியதற்காக எல்லாம் போச்சு என்று நோட்டை மூட வேண்டியதில்லை.

திருவிழா நாட்கள்

மதுரையில் இருந்துகொண்டு இதை மறக்கக் கூடாது. சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை ராத்திரியும் அழகர் ஆற்றில் இறங்கும் காலையும் ஊர் தூங்காது, நீங்களும் தூங்க மாட்டீர்கள். பொங்கலுக்கு அவனியாபுரம் ஜல்லிக்கட்டு, மறுநாள் பாலமேடு, அதற்கு அடுத்த நாள் அலங்காநல்லூர். இந்த நாட்களை ஆரம்பிக்கும்போதே 'விடுப்பு' என்று பேனாவால் எழுதிவிடுங்கள். முன்கூட்டி எழுதினால்தான் அது விடுப்பு, முடிந்த பிறகு எழுதினால் சாக்கு. கேட்கிற ஆளுக்கும் முதல் ஞாயிறே சொல்லிவிடுங்கள்.

கெடு முடிந்த அன்று

7 பக்கத்தையும் ஒரே மூச்சில் படித்துவிட்டு மூன்றில் ஒன்றை முடிவு செய்யுங்கள். இதே அளவில் இன்னொரு மண்டலம், அல்லது கொஞ்சம் கூட்டுவது, அல்லது நிறுத்துவது. 7 வாரம் செய்து பார்த்த பிறகு இந்த வேலை எனக்கு வேண்டாம் என்று தோன்றினால் அதில் தப்பில்லை. ஆனால் சொல்லாமல் நழுவிவிடாதீர்கள். கேட்ட ஆளுக்குப் போன் போட்டு, "அக்கா, இதை இத்தோட நிறுத்துறேன், இதுதான் காரணம்" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அப்போதுதான் அடுத்த வேலைக்கும் அவரிடமே போய்க் கேட்க முடியும்.