சந்திப்பு நிலையம் வரைபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த இருவர் போன வாரம் ஒரு சந்திப்பு நிலையத்தின் வரைபடத்தை என் மேசையில் விரித்தார்கள். தண்டவாளம், நடைமேடை, காற்றோட்ட அறை எல்லாம் கச்சிதம். ஒரு ரயிலிலிருந்து இறங்கி இன்னொன்றுக்கு ஆட்கள் நடந்துபோகும் வழி மட்டும் மிச்சமிருந்த சந்தில் செருகப்பட்டிருந்தது. இருபது வருடத்துக்கு முன் நான் வரைந்ததும் இப்படித்தான்.

நடைவழியைக் கடைசியில் வரைவது

என் முதல் திட்டத்தில் நடைவழிக்கு 6 மீட்டர் அகலம் ஒதுக்கியிருந்தோம். மின்சார அறைக்குக் கொஞ்சம், குழாய்களுக்குக் கொஞ்சம் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள், நானும் விட்டுக்கொடுத்தேன். கடைசியில் மிஞ்சியது 4 மீட்டர், திருப்பத்தில் ஒரு தூண் வேறு. நிலத்தடியில் கான்கிரீட் இறுகிய பிறகு சுவரைத் தள்ளிவைக்க இடம் ஏது?

நிலையம் திறந்ததும் ஒரு நாள் மாலை ஆறரை மணிக்குப் போய் நின்றேன். சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் வாங்கிய காய்கறியை வண்டியில் இழுத்து வந்த ஓர் அம்மா தூணருகே தயங்கி நின்றார். அவ்வளவுதான், கூட்டம் மின்படி வரை தேங்கிவிட்டது. மின்படியோ நிற்காமல் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டே இருந்தது. யாராவது தடுக்கி விழுந்திருந்தால்? அந்த 2 மீட்டரை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

சிங்கப்பூரிலேயே நகர மண்டபம், ராஃபிள்ஸ் பிளேஸ் நிலையங்களைப் போய்ப் பாருங்கள். நடைமேடையின் இந்தப் பக்கம் இறங்கி அந்தப் பக்கம் ஏறலாம். இரண்டு ரயில் பாதைகளையும் தொடக்கத்திலேயே சேர்த்து வரைந்ததால் கிடைத்த வசதி அது. நியூட்டனில் முதல் பாதை 1987இல் வந்தது, அடுத்தது 2015இல். அங்கே மாற வேண்டுமென்றால் பயண அட்டையைத் தட்டி வெளியே வந்து, மறுபடி தட்டி உள்ளே போக வேண்டும். தோபி காட்டுக்கு 1987, 2003, 2010 என்று மூன்று பாதைகள் வந்து சேர்ந்தன. வளரும் ஊரில் இன்னொரு பாதை வரும் என்றே வைத்துக்கொண்டு, முதலில் நடைவழியை வரையுங்கள். அறைகள் அப்புறம்.

யாருடைய சோதனை எங்கே?

இரு நாடுகள் பங்கிடும் நிலையமென்றால், யாருடைய குடிநுழைவுச் சோதனை எங்கே என்பதை முதலிலேயே பேசி முடியுங்கள். சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை 1998இல் எல்லையோரம் உள்ள உட்லண்ட்ஸுக்கு மாற்றியது. மலேசியச் சோதனை 2011 வரை சிங்கப்பூருக்குள் இருந்த தஞ்சோங் பகார் ரயில் நிலையத்திலேயே நடந்தது. பயணிகள் மலேசியாவுக்குள் நுழையும் சோதனையை முடித்துவிட்டு ரயிலேறி, அதன் பிறகுதான் சிங்கப்பூரிலிருந்து வெளியேறும் சோதனைக்கு இறங்கினார்கள்.

மழை

கூரை பேருந்து நிறுத்தம் வரை போக வேண்டும்.

வழிகாட்டிப் பலகை

திருப்பத்துக்குப் பத்தடி முன்னாலேயே வையுங்கள்.