வீட்டில் செய்த விஎச்எஃப் ஆண்டெனாவை டியூன் செய்வது எப்படி

ஹாம் ரேடியோவின் இரண்டு மீட்டர் பேண்டுக்கு, அதாவது விஎச்எஃப்பில் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸுக்கு, கிரவுண்ட் பிளேன் ஆண்டெனா (நடுவில் செங்குத்தாக ஒரு கம்பி, அடியில் சுற்றிலும் ரேடியல் எனும் நான்கு கம்பிகள்) செய்து மொட்டை மாடியில் ஏற்றியாகிவிட்டது என்றால் உடனே பிடிடியை (ரேடியோவின் டிரான்ஸ்மிட் பட்டனை) அழுத்தாதீர்கள். முதலில் கேபிளைப் பாருங்கள். ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் கேபிளின் உள்கம்பிக்கும் வெளிப்பின்னலுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று சோதியுங்கள். இருக்கவே கூடாது. பீப் சத்தம் கேட்டால் பெரும்பாலும் கேபிள் முனையில் இருக்கும் பிஎல்-259 கனெக்டருக்குள் ஒரு பின்னல் இழை ஒட்டிக்கொண்டிருக்கும்.

அப்புறம், எஸ்டபிள்யூஆர் மீட்டரை எங்கே வைக்கிறீர்கள் என்பது ரொம்ப முக்கியம். அனுப்பும் சக்தியில் எவ்வளவு ஆண்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எண்தான் எஸ்டபிள்யூஆர்; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. கேபிளின் கீழ்முனையில் ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்து அளந்துவிட்டு 1.4 வந்துவிட்டது என்று திருப்தி அடைகிறவர்கள் நிறைய பேர். 20 மீட்டர் ஆர்ஜி-58 கேபிளில் ஏறக்குறைய பாதி சக்தி வழியிலேயே சூடாகிக் கரைகிறது, திரும்பி வரும் அலையும் அதே மாதிரி கரைவதால் உண்மையில் 2 இருக்கும் எஸ்டபிள்யூஆர் கீழே 1.4 ஆகத் தெரியும். ஆண்டெனா கழன்றே கிடந்தாலும் 3-ஐ ஒட்டித்தான் காட்டும்! அதனால் மாடிக்கே போய், ஒரு மீட்டருக்குள் இருக்கும் குட்டைக் கேபிள் போட்டு அளந்து பாருங்கள்.

நானோவிஎன்ஏ (ஆண்டெனாவை அளக்கும் சிறு கருவி) இருந்தால் வேலை சுலபம், ஆனால் அளக்கப் போகும் அலைவரிசையை வைத்து ஓபன், ஷார்ட், லோட் மூன்றையும் மாட்டி காலிபிரேட் செய்துகொள்ளுங்கள், அந்தக் கருவிக்குள் ரேடியோவிலிருந்து டிரான்ஸ்மிட் செய்துவிடாதீர்கள், கருவி போய்விடும். சாதாரண எஸ்டபிள்யூஆர் மீட்டர் என்றால் அது விஎச்எஃப்புக்கானதா என்று பார்த்து, சேனல் காலியாக இருக்கிறதா என்று கேட்டு, உங்கள் கால்சைன் (உரிமத்தில் உள்ள அழைப்புக் குறி) சொல்லி, ரேடியோவின் மிகக் குறைந்த பவரில் சில வினாடிகள் மட்டும் அழுத்துங்கள்.

ஆண்டெனாவின் செங்குத்தான நடுக்கம்பியை 52 சென்டிமீட்டரில் தொடங்குங்கள். கடைசியில் 49 பக்கம் வந்து நிற்கும், ஆனால் வெட்டியதை ஒட்ட முடியாது என்பதால் நீளமாகத் தொடங்குவதே நல்லது. 140-இலிருந்து 150 மெகாஹெர்ட்ஸ் வரை அளந்து எஸ்டபிள்யூஆர் எங்கே மிகக் குறைவு என்று பாருங்கள். 145-க்குக் கீழே இருந்தால் கம்பி நீளம், மேலே இருந்தால் குட்டை. ஒரு மெகாஹெர்ட்ஸ் நகர்த்த மூன்றரை மில்லிமீட்டர் வெட்டினால் போதும். ஒவ்வொரு முறை வெட்டிய பிறகும் பழைய உயரத்துக்கே ஏற்றி, நீங்கள் சற்றுத் தள்ளி நின்று அளக்க வேண்டும். கையும் இரும்புக் கைப்பிடிச் சுவரும் பக்கத்தில் இருந்தால் அளவு மாறிவிடும்.

சரி, எஸ்டபிள்யூஆர் மிகக் குறையும் இடம் 145-இலேயே இருக்கிறது, ஆனால் எண் 1.4-க்குக் கீழே வரமாட்டேன் என்கிறதா? இனி வெட்டாதீர்கள். நான்கு ரேடியல்களும் தட்டையாக இருந்தால் ஆண்டெனாவின் இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கான எதிர்ப்பு) 36 ஓம் பக்கம்தான் இருக்கும். அவற்றைக் கீழ்நோக்கி 45 டிகிரி வளையுங்கள், கேபிளின் 50 ஓமை நெருங்கும். 1.5-க்குக் கீழே வந்துவிட்டால் திரும்பும் சக்தி 4 சதவீதத்துக்கும் குறைவுதான், அதற்கு மேல் மெனக்கெட வேண்டியதில்லை.

முடித்ததும் கனெக்டரைச் சுற்றி நீர்புகா டேப் போட்டு, 144, 145, 146 மூன்றிலும் கீழே ரேடியோ பக்கம் என்ன வருகிறது என்று எழுதி ஒட்டிவையுங்கள். மழைக்காலம் முடிந்து திரும்ப அளக்கும்போது மூன்றிலும் எண் குறைந்திருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள்; கேபிளில் இழப்பு கூடினாலும் கீழே எண் குறையும், அதனால் கேபிளுக்குள் தண்ணீர் போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.